இடைச்சுற்றும் இன்சுலினும்



கர்ப்பிணியின் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதாக மருத்துவர் சொல்லிவிட்ட அன்று முதல் நம் வீடுகளில் எத்தகைய ஜாக்கிரதை தலையெடுக்கிறது என்பதை நான் விவரிக்க வேண்டுவதில்லை. மாம்பழக் கூடை பரணுக்கு ஏறிவிடுகிறது. காபியில் சர்க்கரை நின்றுபோகிறது. மருமகள் வாசற்படி தாண்டுவதையே விரும்பாத மாமியார்கூட, "சாப்பிட்டதும் படுக்காதே, ஒரு நடை நடந்துட்டு வாம்மா" என்று மாலைதோறும் அவளைத் தெருவுக்கு அனுப்புகிறார். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவியும், அது காட்டும் எண்களைக் குறித்து வைக்கும் நோட்டுப் புத்தகமும் பூஜை அலமாரிக்கு அடுத்த மரியாதையைப் பெறுகின்றன. இவ்வளவு சிரத்தையும் பிரசவமான இரண்டொரு நாளில், "சுகர் நார்மல் ஆயிடுச்சு" என்ற ஒரு வாக்கியத்தில் கரைந்துவிடுகிறது. அந்த வாக்கியம் பொய்யன்று. ஆயினும் அதில் பாதி மெய்தான் உண்டு. எஞ்சிய பாதியைச் சொல்வதற்கே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏன் ஏறுகிறது? நாம் உண்ணும் அன்னம் குளுக்கோஸாகி இரத்தத்தில் சேர்ந்ததும், அதைத் தசைகளுக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் செலுத்துவது கணையத்தில் ஊறும் இன்சுலின். ஒருவருடைய உறுப்புகள் அந்த இன்சுலினுக்கு எவ்வளவு எளிதில் இணங்குகின்றன என்பதையே இன்சுலின் உணர்திறன் என்கிறோம். கர்ப்பத்தின் பிற்பகுதியில், நச்சுக்கொடி சுரக்கும் பலவகை ஹார்மோன்கள் தாயின் உறுப்புகளை இன்சுலினுக்கு இணங்காதவாறு செய்வதால், இந்த உணர்திறன் முன்பிருந்ததில் பாதியாகவோ, அதற்கும் கீழாகவோ இறங்கிவிடுகிறது. இது நோயன்று, தாயின் தசைகள் விழுங்கிவிடாமல் குளுக்கோஸின் ஒரு பங்கு சிசுவுக்குச் சென்றடையவேண்டும் என்பதற்காக இயற்கை செய்துகொண்ட ஏற்பாடு. பெரும்பாலான ஸ்திரீகளின் கணையம் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் இன்சுலினைச் சுரந்து இந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது. அவ்வாறு ஈடுகட்ட இயலாத கணையத்தை உடையவர்களுக்கே கர்ப்பகால நீரிழிவு உண்டாகிறது. கோடையில் எல்லா வீட்டு ஓடுகளும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன; ஐப்பசி அடைமழையில்தான் எந்த வீட்டில் எந்த ஓடு விரிசல் கண்டிருக்கிறது என்பது தெரியவருகிறது. பிரசவத்தின்போது நச்சுக்கொடி வெளியேறியதும் மழை நின்றுவிடுகிறது; ஆனால் விரிசல் மூடிக்கொள்வதில்லை.

இது இன்று நேற்றுக் கண்ட உண்மையுமன்று. 1964-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓ'சல்லிவன், மஹான் என்ற இருவர், 752 கர்ப்பிணிகளுக்குக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து இரத்தத்தைச் சோதித்து, கர்ப்பகால நீரிழிவுக்கு முதன்முதலாக ஓர் எல்லைக்கோடு வகுத்தார்கள். அக்கோட்டை அவர்கள் எதைக்கொண்டு வகுத்தார்கள் என்பதே நாம் கவனிக்கத்தக்கது. குழந்தை பருத்துப் பிறக்குமா, பிரசவம் கஷ்டமாகுமா என்ற கேள்விகளை அவர்கள் அளவுகோலாகக் கொள்ளவில்லை. பிற்காலத்தில் அந்தத் தாய்மாருள் யாருக்கு நிரந்தரமாக நீரிழிவு வரும் என்பதையே அளவுகோலாகக் கொண்டார்கள். அதாவது, இந்த நோய்க்கு மருத்துவ சாஸ்திரத்தில் இலக்கணம் எழுதப்பட்டதே தாயின் எதிர்காலத்தை முன்னிட்டுத்தான். பின்னர் வந்த தலைமுறையில் நம் கவனம் முழுவதும் சிசுவின்மேல் சென்று, தாய் எப்படியோ நழுவிப் போய்விட்டாள்.

அவர்கள் ஐயுற்றது எவ்வளவு சரி என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. 2009-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, கர்ப்பத்தில் சர்க்கரை கண்ட ஸ்திரீகளுக்கு, அது காணாதவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல் பிற்கால நீரிழிவு வருவதாகக் கணித்தது. 2020-இல் வந்த மற்றொன்று அதைப் பத்து மடங்குக்குச் சற்றே குறைவாக நிறுத்திற்று. பிரசவத்துக்குப் பின் முதல் ஐந்து ஆண்டுகளிலேயே இந்த ஏற்றம் வேகமாக நிகழ்கிறது என்பது 2002-இலேயே தெரிந்துவிட்டது. ஐந்து ஆண்டுகள் என்றால் என்ன? முதல் குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, இரண்டாவது குழந்தை நடை பழகும் காலம். ஒரு தாய் தன் சரீரத்தைப் பற்றி நினைக்க அறவே அவகாசமில்லாத காலம் அதுவே.

நம் மாநிலத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதில் பெருமைக்கும் இடமுண்டு, குறைக்கும் இடமுண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-இல் நீரிழிவுக்கெனத் தனித் துறையை நிறுவிய டாக்டர் வீ. சேஷய்யா, இந்நாட்டில் கர்ப்பிணிகள் அனைவரையும் சோதிக்கவேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடியவர். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் கிராமத்துப் பெண் வரமாட்டாள், வந்தாலும் மயங்கி விழுவாள் என்பதை அனுபவத்தால் அறிந்து, சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை இரத்தம் எடுத்து, 140-ஐ எட்டினால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்ளும் எளிய முறையை அவரும் அவருடைய சகாக்களும் நிலைநாட்டினார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் நடத்திய கணக்கெடுப்பில் நகரத்துக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 17.8, சிறு நகரங்களில் 13.8, கிராமங்களில் 9.9 என்ற அளவில் இந்நோய் காணப்பட்டது. 2007-இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனை கட்டாயம் என்று தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. ஆக, கண்டுபிடிப்பதில் நாம் எவருக்கும் பின்தங்கியவர்களல்லர். கண்டுபிடிக்கப்பட்ட பெண்ணைப் பிரசவத்துக்குப் பின் தொடர்வதில்தான் நம் கை தளர்ந்துவிடுகிறது.

இனி வயிற்றுக்கு வருவோம். "பிள்ளை பெத்தவ வயிறு அப்படித்தான் இருக்கும்" என்பது நம்மிடையே வழங்கும் ஆறுதல். சௌந்தரிய விஷயமாக மட்டும் அதைச் சொல்வதானால் நான் அதில் தலையிடேன். ஒரு ஸ்திரீயின் உருவத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல இங்கே எவருக்கும் உரிமையில்லை. ஆனால் வயிற்றில் சேரும் கொழுப்பும் தொடையில் சேரும் கொழுப்பும் சரீரத்துக்கு ஒரே பொருளல்ல என்பதை, 1947-இல் மார்ஸேய் நகரத்து மருத்துவர் ழான் வாக் எடுத்துச் சொன்னார். இடுப்புக்குக் கீழே பருத்தவர்களைக்காட்டிலும் இடுப்புக்கு மேலே பருத்தவர்களையே நீரிழிவும் இரத்தக்குழாய் நோய்களும் மிகுதியாகப் பற்றுகின்றன என்று அவர் கூறியபோது, அதைச் செவிமடுத்தவர் சிலரே. இன்று அது பாடப் புத்தகங்களில் ஏறிவிட்டது. எடை பார்க்கும் இயந்திரம் எவ்வளவு என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. நமக்கு வேண்டியது 'எங்கே' என்பதுதான்.

நம் நாட்டவருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், லண்டனைச் சேர்ந்த அவருடைய நண்பர் ஜான் யட்கினும் 2004-இல் தங்கள் இருவர் படத்தையும் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம் இருவருக்கும் ஒன்றே: 22.3. இருவரும் மெலிந்த மனிதர்களே. ஆனால் உடலில் கொழுப்பின் பங்கை அளந்தபோது வெள்ளைக்காரருக்கு நூற்றுக்கு 9.1 என்றும், நம்மவருக்கு 21.2 என்றும் வந்தது. ஆகவேதான் நம் ஸ்திரீகளுக்கு இடைச்சுற்றின் எல்லை 80 சென்டிமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்கர் தங்கள் நாட்டுப் பெண்களுக்கு வகுத்துக்கொண்டது 88. "நான் ஒல்லிதானே, எனக்கென்ன" என்று கேட்கும் பெண்ணுக்கு இதைவிடத் தெளிவான விடை என்னிடமில்லை.

வயிற்றுக் கொழுப்பு இன்சுலினை எவ்வாறு தடுக்கிறது என்பதில் பண்டிதர்களுக்குள்ளே வழக்கு இன்னும் தீரவில்லை. அந்த வழக்கு சுவாரஸ்யமானது, சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். வயிற்றின் கொழுப்பு இருவகைப்படும். தோலுக்கு அடியில், விரலால் கிள்ளிப் பிடிக்கத்தக்கது ஒன்று. தசைச் சுவருக்கு உள்ளே, குடலைச் சூழ்ந்து திரைபோல் தொங்குவது மற்றொன்று. உள்ளே இருப்பது எளிதில் கரைந்து கொழுப்பமிலங்களை வெளியிடும் இயல்புடையது; அந்த அமிலங்கள் குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரை வழியே நேராகக் கல்லீரலில் இறங்கி, அதை இன்சுலினின் சொல்லுக்கு அடங்காததாக ஆக்கி, பட்டினி கிடக்கும்போதும் அது சர்க்கரையை இரத்தத்தில் கொட்டிக்கொண்டிருக்கும்படி செய்கின்றன என்பது ஒரு கட்சி. மற்றொரு கட்சியோ, உட்கொழுப்பு காரணமன்று, அடையாளமே என்கிறது. தோலடிக் கொழுப்பே சரீரத்தின் இயற்கையான களஞ்சியம். அக்களஞ்சியம் விரிய இயலாமல் நிரம்பிவிட்டால், மிஞ்சியது கல்லீரலிலும் தசையிலும் கணையத்திலும் குடலைச் சுற்றியும், அதாவது இருக்கக் கூடாத இடங்களிலெல்லாம், போய்ப் படிகிறது. இந்தியருக்கு அக்களஞ்சியம் பிறவியிலேயே சிறிது என்று அவர்கள் கருதுகிறார்கள்.

இந்த வழக்கில் கத்தியும் ஒரு சாட்சி சொல்லியிருக்கிறது. 2004-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில், மிகவும் பருத்த பதினைந்து ஸ்திரீகளின் வயிற்றுத் தோலடிக் கொழுப்பை, ஒவ்வொருவரிடமிருந்தும் ஏறக்குறைய ஒன்பது பத்துக் கிலோ அளவுக்கு, உறிஞ்சி எடுத்தார்கள். சில வாரங்களுக்குப் பின் சோதித்தபோது அவர்களுடைய இன்சுலின் உணர்திறன் எள்ளளவும் மாறவில்லை. அப்படியானால் உட்கொழுப்பை அறுத்தெடுத்தால் பலிக்குமோ என்று, குடலுக்கு முன்னே தொங்கும் கொழுப்புத் திரையை நீக்கியும் பார்த்தார்கள்; 2010-இல் வெளியான அந்தச் சோதனையிலும் பயன் காணவில்லை. ஆனால் அதே சரீரத்தில், உண்பதைக் குறைத்தும் உழைப்பைக் கூட்டியும் நான்கைந்து கிலோ இறங்கினால் கல்லீரலின் கொழுப்பு விரைந்து வற்றுகிறது, உணர்திறன் ஏறுகிறது. கொழுப்பை எடுத்து எறிவது வேறு, அதைச் செலவழிப்பது வேறு என்பதே இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது. பத்திரிகைகளில் அரைப்பக்கம் விளம்பரம் செய்யும் கொழுப்புறிஞ்சி நிலையங்களை நாடும் தாய்மார்கள் இதை மனத்தில் இருத்துவது நலம்.

எல்லாப் பழியையும் வயிற்றின்மேல் போடுவதும் நியாயமாகாது. வியன்னா நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1997-இல், கர்ப்பத்தில் சர்க்கரை கண்ட மெலிந்த பெண்களையே தேர்ந்து சோதித்தபோது, பிரசவத்துக்குப் பின்னும் அவர்களுடைய உணர்திறன் குறைந்திருப்பதையும், அக்குறைவுக்கு ஏற்ற அளவு இன்சுலினைக் கணையம் சுரக்காதிருப்பதையும் கண்டார்கள். ஆக, கணையத்தின் பலவீனம் பிறவியிலேயே அமைந்திருக்கக்கூடும். அதை நாம் மாற்ற இயலாது. நம் கையில் இருப்பது அந்தக் கணையத்தின் மேல் ஏற்றும் சுமை ஒன்றே. லாஸ் ஏஞ்சலிஸில் புக்கானன் என்பவரும் அவருடைய சகாக்களும், கர்ப்பகால நீரிழிவு கண்ட லத்தீன் அமெரிக்க வம்சத்துப் பெண்களுக்கு உணர்திறனை உயர்த்தும் ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெறாதவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிருவருக்கு நீரிழிவு வந்தது, பெற்றவர்களில் ஐவருக்கு. கணையத்தின் உழைப்பு யாருக்கு மிகுதியாகக் குறைந்ததோ அவர்களே மிகுதியாகத் தப்பினார்கள். அந்த மருந்து கல்லீரலுக்குத் தீங்கு செய்ததால் 2000-இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது; அது கற்பித்த பாடம் நிலைத்துவிட்டது.

மருந்தின்றி அந்தச் சுமையை இறக்கும் வழிகளில் முதலாவது தாய்ப்பால். ஸ்திரீகளின் தொடையிலும் பிருஷ்டத்திலும் சேரும் கொழுப்பு சாதாரண நாட்களில் லேசில் கரைவதில்லை. பாலூட்டும் மாதங்களில் மட்டும் அது இளகிப் பாலுக்கு உதவுகிறது என்று ஸ்வீடனில் 1985-இல் காட்டினார்கள். வாக் சொன்ன கீழ்க்கொழுப்பு ஏன் தீங்கற்றது என்பதற்கு இது ஒரு விளக்கம்: அது சிசுவுக்காக வைத்த சேமிப்பு. வட கலிபோர்னியாவில் கர்ப்பகால நீரிழிவு கண்ட ஆயிரத்துச் சொச்சம் பெண்களை இரண்டாண்டு தொடர்ந்த ஓர் ஆராய்ச்சியில், தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்களுக்கு நீரிழிவு வந்த விகிதம், புட்டிப்பால் கொடுத்தவர்களுக்கு வந்ததில் பாதிக்கும் குறைவாயிருந்தது.

இரண்டாவது, நம் பிரசவ வீட்டுச் சம்பிரதாயத்தைச் சற்றுத் திருத்திக்கொள்வது. தாய் வீட்டுக்கு அனுப்பி ஓய்வு கொடுப்பதும், பத்தியம் என்ற பெயரால் பூண்டும் மிளகும் பால்சுறாவும் கொடுப்பதும் நல்ல வழக்கங்கள். அவற்றை நான் குறை கூறேன். ஆனால் நெய் மிதக்கும் லேகியத்தை வேளைக்கு ஓர் உருண்டையாக மூன்று மாதம் கொடுத்து, "பச்ச உடம்பு, அசையாதே" என்று நாள் முழுதும் கட்டிலிலேயே கிடத்துவது, வேலையே இல்லாத தசைகளுக்கும் ஏற்கெனவே களைத்த கணையத்துக்கும் இடையே குளுக்கோஸைக் கொண்டுபோய்க் கொட்டுவதாகும். உண்ட குளுக்கோஸின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்வது தசைதான். உழைக்கும் தசை இன்சுலின் இல்லாமலேயே ஒரு பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிஷம் முற்றத்தில் நடப்பதற்கு எந்தச் சாஸ்திரமும் தடையில்லை. வயிற்றில் துணி கட்டும் வழக்கம் இடுப்புக்கு ஆதரவாக இருக்கலாம். கொழுப்பு அதனால் கரையாது. கர்ப்பத்தில் வயிற்றின் நடுத்தசைகள் இரண்டாக விலகியிருப்பதால் மெலிந்தவர்களுக்கும் வயிறு சிறிது முன்தள்ளி நிற்பதுண்டு; அதைக் கொழுப்பென்று கருதிக் கலங்கவும் வேண்டாம், கொழுப்பை அதுவென்று கருதி அலட்சியம் செய்யவும் வேண்டாம். கருப்பை சுருங்கி, உடல் ஒரு நிலைக்கு வந்தபின், ஆறு மாதம் போல் கழித்து அளப்பதே சரியென்பது என் கட்சி. தையற்காரரின் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், வயிற்றை எக்காமல், நாடாவை இறுக்காமல் அளக்கவேண்டும். பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் அளந்தால் கணக்குத் தவறும்.

நடையும் உணவுக் கட்டுப்பாடும் உண்மையில் பலிக்குமா? அமெரிக்காவில் நடந்த பெரும் நீரிழிவுத் தடுப்பு ஆராய்ச்சியில், என்றோ கர்ப்பகால நீரிழிவு கண்டிருந்த 350 பெண்கள் இருந்தார்கள்; அந்தக் கர்ப்பம் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தியது. எடையில் நூற்றுக்கு ஏழு குறைத்து, வாரத்துக்கு 150 நிமிஷம் நடக்கும்படி பழக்கியதில் அவர்களுக்கு நீரிழிவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையும் அவர்களுக்கு அதே அளவு பயன் தந்தது. கர்ப்பத்தில் சர்க்கரை காணாத மற்றப் பெண்களுக்கோ அம்மாத்திரை நூற்றுக்குப் பதினான்கு பங்குதான் உதவிற்று. ஆனால் இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய மூன்று நாட்டு மருத்துவமனைகளில், அண்மையில் பிரசவித்த ஏறக்குறைய 1,600 பெண்களுக்கு இவ்வகைப் போதனை செய்து பார்த்தபோது, ஓராண்டுக்குப் பின் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தோன்றவில்லை. போதனை தவறென்று நான் எண்ணவில்லை. இரவில் நான்கு முறை விழித்துப் பாலூட்டி, விடிந்ததும் அடுப்பங்கரைக்குள் நுழையும் பெண்ணிடம் வாரத்துக்கு 150 நிமிஷம் நடவென்று சொல்வது எளிது. அந்த 150 நிமிஷமும் குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்பதை எந்தப் போதகரும் சொல்வதில்லை. இச்சபையில் அமர்ந்திருக்கும் கணவன்மாருக்கும் மாமியார்மாருக்கும் அந்தக் கேள்வியை நான் விட்டுச்செல்கிறேன்.

கடைசியாக, தாய் நழுவிப்போகும் அந்த இடத்தைப் பற்றி ஒரு யோசனை. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் கழித்து மீண்டும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் சோதிக்கவேண்டும் என்பது விதி. இம்முறை வெறும் வயிற்றோடு. அதன்பின் மூன்றாண்டுக்கு ஒரு முறையேனும், அடுத்த கர்ப்பத்துக்கு முன்னதாகக் கட்டாயமாகவும், சோதனை வேண்டும். அந்த ஆறாம் வாரச் சோதனைக்கு வருபவர் மிகச் சிலர். ஆனால் அதே ஆறாம் வாரத்தில்தான் குழந்தைக்கு முதல் தவணை ஐந்துநோய்த் தடுப்பூசி போடவேண்டும்; அதற்குத் தாய் தவறாமல் வருகிறாள், அட்டையையும் பத்திரமாகக் கொண்டுவருகிறாள். ஊசி போட்டபின் குழந்தையை அரை மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருக்கத்தான் போகிறோம்; மேற்கொண்டு ஒன்றரை மணி நேரம் அவளை உட்காரவைக்க ஒரு பெஞ்சும், குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு திரை மறைவும், சோதனை முடிந்ததும் அவளுக்குச் சாப்பிட இரண்டு இட்லியும் இருந்தால் போதும். காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு வரும்படி முந்தின நாளே கிராம சுகாதார செவிலியர் சொல்லி அனுப்பலாம். குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே தாயின் சர்க்கரை அளவுக்கு ஒரு கட்டமும், ஆறு மாதத்துக்குப் பின் அளக்கும் இடைச்சுற்றுக்கு ஒரு கட்டமும் அச்சிட்டுவிடலாம்.